பிறந்த வீட்டுக் கோடி

1. நாற்காலியும் கலரும்

முதல் நாள் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பாகூர் கொம்யூனில், அதாவது பஞ்சாயத்து வட்டாரத்தில், ஒரு அரசு மருத்துவ நிலையத்தில் நான் பொது சுகாதார நர்ஸ். தடுப்பூசி, பிரசவம், குடும்பக் கட்டுப்பாடு, காலரா வந்தால் குளோரின் பவுடர் என்று ஓடிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் டவுன் ஆஸ்பத்திரியின் கேன்சர் வார்டிலிருந்து ஒரு டாக்டர் எங்கள் நிலையத்துக்கு வந்தார். இளவயது, மெல்லிய குரல். "கரண்ட் வச்சும் கேக்காத கேஸை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிடறோம் சிஸ்டர். அனுப்பின பிறகு அவங்க எப்படி இருக்காங்கன்னு எங்களுக்கே தெரியாது. வாரம் ரெண்டு தடவை நீங்க போய்ப் பாருங்க" என்றார்.

கரண்ட் வைப்பது என்றால் கதிர்வீச்சு சிகிச்சை. ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், டாக்டரும் சொல்லப் பழகியிருந்தார். இன்றைக்கு இந்த வேலைக்கு பாலியேட்டிவ் கேர் என்று பேர், பயிற்சி, சான்றிதழ் எல்லாம் உண்டு. அன்றைக்கு எங்கள் அட்டெண்டர் வைத்த பேர் 'சாவு டூட்டி'. அந்த ஆளோடு நான் பல நாள் பேசவில்லை.

டாக்டர் ஐந்து கேள்வி சொல்லிக் கொடுத்தார். வலி, தூக்கம், சாப்பாடு, வெளிக்குப் போவது, புண். "இந்த அஞ்சையும் பேஷண்ட் வாயால கேளுங்க. வீட்டுக்காரங்க வாயால கேக்காதீங்க" என்று அழுத்திச் சொன்னார். இதிலென்ன பெரிய வித்தை என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சிற்றூர். நோயாளி தனபாக்கியம், ஐம்பதை ஒட்டிய வயது. கருப்பை வாயில் வந்த புற்று முதுகெலும்புக்குப் போய்விட்டது. வாசலில் சைக்கிளை நிறுத்தியதுமே ஒரு மர நாற்காலி வந்தது. கடைக்கு ஆள் ஓடிக் கலர் சோடா பாட்டில் வந்தது. தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். கேள்விக்குப் பதில் சொன்னதோ தனபாக்கியத்தின் புருஷனுக்கு அக்கா, அஞ்சலாட்சி. அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"தூக்கம் எப்படி?"

"நல்லா தூங்குறா."

"வலி?"

"அது இன்னா, கொஞ்சம் இருக்கும். மாத்திர போட்டா கேட்டுக்குது."

"நான் உள்ளே போய்ப் பார்க்கட்டுமா?"

"இப்பதான் கண்ண மூடினா நர்சம்மா. எதுக்கு எழுப்பிக்கினு? கலரக் குடிங்க."

குடித்தேன். வேறு என்ன செய்வது? புருஷன் நடேசன் வாயில் கொழுக்கட்டை வைத்தவர் போலக் கம்பத்தில் சாய்ந்து நின்றார். உள்ளேயிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு முனகும் சத்தம் வந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் கேட்டது. யாரும் கேட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

2. கதவைச் சாத்திய பிறகு

அடுத்த தடவை நான் கலருக்கு இடம் கொடுக்கவில்லை. "டிரெஸ்ஸிங் பண்ணணும். வெந்நீர் வேணும், கிழிச்ச பழைய வேட்டி வேணும், கதவைச் சாத்தணும்" என்று ஏதோ ஆபரேஷன் செய்யப் போகிறவள் போல உத்தரவு போட்டேன். டிரெஸ்ஸிங் என்ற சொல்லுக்கு ஒரு பயம் இருந்தது. அதைவிட அந்த அறையின் வாடைக்குப் பயம். யாரும் கூட வரவில்லை.

இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண். இயூசால் என்ற கிருமிநாசினித் தண்ணீரில் கழுவி, செத்த சதையை எடுத்து, பஞ்சு வைத்துக் கட்ட அரை மணிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில்தான் நோயாளி பேசுவார். முகம் சுவரைப் பார்த்து இருக்கும், நம் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. நான் கண்டுபிடித்த அசெஸ்மென்ட் முறை இதுதான். இன்றைக்கும் சின்னப் பெண்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்: கை வேலை செய்யட்டும், வாய் சும்மா இருக்கட்டும்.

தனபாக்கியம் தூங்கியே பல நாளாகியிருந்தது. வலி தொடையில் இறங்கிச் சுண்டி இழுத்தது. வெளிக்குப் போய் ஒரு வாரம். டாக்டரிடம் சொல்லிக் கோடீன் மாத்திரை வாங்கினேன். கோடீன் வயிற்றைக் கட்டும், அதனால் கூடவே பேதி மாத்திரை. வலி பாதியாகக் குறைந்தது. ஆனால் தூக்கம் வரவில்லை. மாத்திரையைக் கூட்டினார் டாக்டர். அப்போதும் வரவில்லை.

ஒரு நாள் புண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போது சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"நர்சம்மா, எனுக்கு எத்தினி நாளுன்னு நான் கேக்கல. அது எனுக்கே தெரியும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எந் தம்பி கோடி கொண்டாருவானா?"

கோடி என்றால் விளக்கத் தேவையில்லை. ஒரு பெண் இறந்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுப் புடவை வர வேண்டும். அதைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். நான் வில்லியனூர்ப் பக்கத்து வேதக்காரப் பெண். எங்களிலும் கோடி உண்டு. சிலுவை முன்னால் போகும், கோடி மேலே கிடக்கும்.

"எதிர்வூட்டுப் பொம்பள செத்தப்ப பொறந்த வூட்லருந்து யாரும் வரல. கடையில வாங்கிப் போட்டு எடுத்தாங்க. நாதியத்தவ நாதியத்தவன்னு தெருவே பேசிச்சி நர்சம்மா. அந்தப் பேச்சிலதான் எனுக்குத் தூக்கம் வரல."

தம்பி பேர் ஏழுமலை. தவளக்குப்பத்தில் சைக்கிள் கடை. தனபாக்கியத்தின் மகனுக்கு ஏழுமலையின் மகள் முறைப் பெண். சின்ன வயதிலிருந்து இன்னாருக்கு இன்னார் என்று பேசி வைத்தது. கடைசி நேரத்தில் ஏழுமலை பெண்ணைக் கடலூரில் கொடுத்துவிட்டார். தனபாக்கியம் தம்பி வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு இரு வீட்டுக்கும் பேச்சு கிடையாது.

"நான்தான் தூத்தினேன். என் வாயி அப்பிடி. அவன் வந்து, 'நான் போடறேன்க்கா'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா எனுக்குப் போதும்" என்றார்.

டாக்டரிடம் சொன்னேன். பேனாவை எடுத்தார். "நம்ம அஞ்சு கேள்வியில இது எதுல வரும் சிஸ்டர்?" என்றார். "தூக்கத்துல போட்டுக்குங்க சார்" என்றேன்.

3. தவளக்குப்பத்துச் சைக்கிள் கடை

சந்திப்பில் பஸ் சத்தத்துக்கு நடுவில் ஏழுமலை ஒரு டியூபைத் தண்ணீரில் அழுத்தி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் முகம் கல்லானது.

"அவுங்க வூட்டு சங்கதி எனுக்கு வேணாம் நர்சம்மா. என் பொண்ணு கல்யாணம், நல்ல நாளும் அதுவுமா வாசல்ல மண்ணத் தூத்தினவ. எனுக்கு அக்காவே கெடையாது."

"உங்க அக்கா சண்டைக்குக் கூப்பிடலப்பா. நீ கோடி போடுவியான்னு கேக்குது. அந்தக் கவலையில தூங்காம கெடக்குது."

தண்ணீருக்குள் டியூபைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. பிறகு அந்த ஆள் கடை வாசலில், வருகிறவர் போகிறவர் பார்க்க, குந்தி உட்கார்ந்து அழுதார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அது ஆடியதை நான் நேரில் பார்த்தது அன்றுதான்.

"போடாம? நான் போடாம வேற எவன் போடுவான்? அத்தப் போயி கேக்குதா அது?"

"அதை உன் வாயால வந்து சொல்லு. சீக்கிரம் வா. வெள்ளிக்கிழமை காலையில நான் அங்க இருப்பேன், அப்ப வா. அஞ்சலாட்சிகிட்ட அக்காவப் பார்க்க வந்தேன்னு மட்டும் சொல்லு. ஒண்ணும் வாங்கிட்டு வராதே. கைய வீசிக்கிட்டு வா."

"அக்கா வூட்டுக்கு வெறுங்கையோடவா?" என்று என்னைப் பார்த்தார். ஏதோ தகாத வார்த்தை சொல்லிவிட்டவளைப் பார்ப்பது போல.

"வெறுங்கையோடதான். வாழைப்பழம்கூட வேணாம்."

சரி என்று தலையாட்டினார். தலைதான் ஆடியது.

4. வெள்ளிக்கிழமை காலை

காலையிலேயே போய்விட்டேன். ஏழுமலை வருவதற்குள் புண்ணைக் கட்டி, உடம்பு துடைத்து, தலை சீவி, தனபாக்கியத்தைத் திண்டு வைத்துச் சாய்த்து உட்கார வைக்க வேண்டும் என்று கணக்கு. தம்பி வருகிறான் என்று காதில் சொன்னேன். முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "பவுடர் இருந்தா கொஞ்சம் போடுங்க நர்சம்மா" என்றார் அந்த வலியிலும்.

ஏழுமலை முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார். நான் பாதி வேலையில் இருந்தேன். தனபாக்கியம் ஒருக்களித்துக் கிடந்தார், முதுகு முழுக்கத் திறந்து, புண் திறந்து. கதவு சாத்தியிருந்தது. வாசலில் குரல் கேட்டது.

"அவந்தான்" என்றார் தனபாக்கியம்.

பிறகு அஞ்சலாட்சியின் குரல். "யாரு, ஏழுமலையா? இன்னாடா அதிசயம்? தட்டுல இன்னா அது?"

"ஒண்ணுமில்லீங்க. அக்காவுக்கு ஒரு பொடவ. சும்மா வர மனசு வரல. அதான்..."

"பொடவையா? உசுரு இருக்கச் சொல்லவே கோடி எடுத்தாந்துட்டியாடா பாவி! அவ கண்ணுல காட்டி உசுர உருவிக்கினு போலாம்னு வந்தியா?"

"ஐயோ, அப்பிடி இல்ல, பாக்கட்டும்னு..."

அந்த 'பாக்கட்டும்' எல்லாவற்றையும் கெடுத்தது. அக்கா கோடியைப் பற்றித்தானே கவலைப்படுகிறாள், கண்ணாலேயே பார்த்துவிட்டால் நிம்மதியாக இருப்பாளே என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார். அவர் அளவில் அது நியாயம்தான். ஆனால் சாகக் கிடக்கிறவள் வீட்டு வாசலில், பல வருஷம் பேசாத தம்பி, கையில் புதுப் புடவை என்றால் ஊர் அதை வேறு எப்படிப் பார்க்கும்?

தெரு கூடிவிட்டது. அடுத்துக் கேட்டது மகனின் குரல்.

"பொண்ணு குடுக்க வக்கில்ல, கோடி குடுக்க வந்துட்டாரு மாமா!"

தட்டு விழுந்த சத்தம் கேட்டது. பழம் உருண்டிருக்க வேண்டும். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் ஏழுமலைக்குத் தாங்கவில்லை.

"வேணான்டா! ஒண்ணும் வேணாம்! இனிமே இந்த வூட்டுப் பொணத்தக்கூட வந்து பாக்க மாட்டேன். கோடியாவது மயிராவது! என் அக்கா எப்பவோ செத்துட்டா!"

உள்ளே தனபாக்கியம் என் கையைப் பிடித்தார். "கதவத் தொறங்க நர்சம்மா. தொறங்க."

எப்படித் திறப்பது? திறந்தால் எதிரே தெரு, அத்தனை ஆம்பிளைகள். உடம்பில் துணி இல்லை. பஞ்சை அப்படியே அமுக்கி, புடவையை இழுத்துச் சுற்றி, புரட்டிப் படுக்க வைத்து, கையைக்கூடக் கழுவாமல் ஓடிப்போய்த் திறந்தபோது ஏழுமலை தெருமுனையைத் தாண்டிவிட்டிருந்தார். "ஏம்பா, நில்லுப்பா!" என்று கத்தினேன். திரும்பவில்லை. விழுந்த புடவையை மட்டும் அள்ளிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள்.

அஞ்சலாட்சியை நான் சும்மா விடவில்லை. நர்ஸ் பேசக்கூடாததெல்லாம் பேசினேன். அந்த அம்மாள் அசரவில்லை. "அவ மூத்திரத்தையும் பீயையும் அள்ளிக் கொட்டுறவ நானு. இன்னும் நாலு நாளு அவ உசுரோட இருக்கணும்னு மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்தறேன்னு வேண்டிக்கினு கெடக்கேன். இவன் வந்து கோடியக் காட்டுவான், நான் பாத்துக்கினு இருக்கணுமா?" என்றார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது அவருக்கு. எனக்குக் கோபம் மட்டும் மிச்சமிருந்தது, அதை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. நடேசன் கம்பத்தில் சாய்ந்து நின்றார்.

உள்ளே போனேன். "கோவத்துல சொன்னதும்மா. வருவான். எங்கிட்ட அழுதான்" என்றேன்.

"இல்ல நர்சம்மா. அவன் எங்க அப்பா மாதிரி. சொன்னா சொன்னதுதான்" என்றார்.

மறுநாள் தவளக்குப்பம் போனேன். கடை பூட்டியிருந்தது. மகள் வீட்டுக்குக் கடலூர் போய்விட்டதாக டீக்கடைக்காரர் சொன்னார். வந்ததும் என்னைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடலூரில் எந்தத் தெரு என்று அவருக்கும் தெரியவில்லை. போன் வசதியெல்லாம் அன்றைக்குப் பெரிய மனிதர்கள் வீட்டில்தான்.

அந்த வாரம் வலி எதற்கும் அடங்கவில்லை. டாக்டரே வந்து பெத்தடின் ஊசி போட்டார். ஊசி போட்டால் கொஞ்ச நேரம் கண் சொருகும், பிறகு பழையபடி. கடைசியாக நான் போனபோது அந்த அரை மயக்கத்தில் கேட்டார்.

"அந்தப் பொடவ இன்னா கலரு நர்சம்மா? நீங்க பாத்தீங்களா?"

"பாக்கலியேம்மா."

"நல்லதாத்தான் எடுத்திருப்பான்" என்றார்.

5. எடுக்கிற நேரம்

கடைசிப் பகுதிக்குப் போகும் முன் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் குறிப்புகளில் அது கடைசியில்தான் வர வேண்டும், ஆனால் அங்கே அதைச் சொல்ல எனக்கு மனசு வராது. புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்களுக்குச் சொல்வது ஒன்றுதான். நோயாளி ஒருவரைப் பார்க்க ஆசைப்பட்டால் அவரை வரச் சொல்லாதீர்கள், போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள். பஸ்ஸில் பக்கத்திலேயே உட்காருங்கள், வாசலில் அவருக்கு முன்னால் நில்லுங்கள். யார் என்ன சொன்னாலும் நோயாளியின் கட்டில் வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. புண் காத்திருக்கும். பிறகு வந்த காலத்தில் எத்தனையோ பேரை அப்படிக் கூட்டிக்கொண்டு போனேன். அதில் ஒரு தடவைகூடத் தவறவில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்ளத் தோன்றுவதில்லை.

தனபாக்கியம் ஒரு விடிகாலையில் போய்ச் சேர்ந்தார். செய்தி கேட்டு நான் போனபோது வெயில் ஏறியிருந்தது. பந்தல் போட்டு, பாடை கட்டி, பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். எல்லாம் தயார். ஆனால் எடுக்கவில்லை. புண் இருந்த உடம்பு, வெயில் வேறு. ஏன் தாமதம் என்று கேட்டேன்.

"பொறந்த வூட்டுக் கோடி வராம எப்பிடி எடுக்கறது?" என்றார் அஞ்சலாட்சி. "ஏழுமலைக்கு ஆள் போயிருக்குது."

யாரை அனுப்பினார்கள் தெரியுமா? மகனையே அனுப்பியிருந்தார்கள். தட்டைத் தட்டிவிட்ட அதே மகன் பொழுது விடிந்ததும் விடியாததுமாகக் கடலூருக்கு ஓடி, தெருத் தெருவாக விசாரித்து, மாமனின் காலில் விழுந்திருக்கிறான். அன்றைக்கு எனக்குக் கிடைக்காத விலாசம் சாவு என்றதும் அவனுக்குக் கிடைத்துவிட்டது.

மதியத்துக்கு மேல் இருவரும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். ஏழுமலை கையில் புடவை. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. அஞ்சலாட்சி ஓடிப்போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "வாடா தம்பி, வந்துட்டியாடா, உன் அக்காவப் பாருடா" என்று ஒப்பாரி வைத்தார். நடிப்பு இல்லை அது, நெஞ்சிலிருந்து வந்த அழுகை. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். மாமனும் மருமகனும் தோளில் சாய்ந்து அழுதார்கள். அத்தனை வருஷத்துப் பகை ஒரு நொடியில் தீர்ந்துபோனது. தீர்த்துவைக்கச் சாகத்தான் வேண்டியிருந்தது.

ஏழுமலை புடவையைப் பிரித்துப் போர்த்தினார். அன்றைக்குத் தெருவில் விழுந்த அதே புடவை. ஓரத்தில் மண் பட்ட கறை இருந்தது. யாரும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பேசவில்லை. "பொறந்த வூட்டுக் கோடி வந்துடுச்சி, இனி எடுக்கலாம்" என்று பெரியவர் ஒருவர் சொன்னார். பெண்கள் எல்லாருக்கும் முகத்தில் ஒரு திருப்தி. எவ்வளவு நல்ல சாவு என்று ஒருத்தி சொன்னாள். நான் அவளை முறைத்தேன்.

பாடையைத் தூக்கும் சமயத்தில் ஏழுமலை கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நர்சம்மா, நான் அன்னைக்கி சொன்னது அக்கா காதுல வுழுந்துச்சா?"

எத்தனையோ நோயாளிகளிடம் எத்தனையோ விஷயங்களை மறைத்துப் பேசச் சொல்லி வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். நான் ஒத்துக்கொண்டதில்லை. இவரிடம் இல்லை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது.

"வுழுந்துச்சிப்பா" என்றேன்.

அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். துண்டை எடுக்காமலே, "கடைசியா இன்னா சொல்லிச்சி? எம்மேல கோவமாவா இருந்திச்சி?" என்றார்.

"கோவமெல்லாம் இல்ல. பொடவ இன்னா கலருன்னு கேட்டுச்சி."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நான் பாக்கலியேப்பா. தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

பாடை தோளுக்கு ஏறிவிட்டது. ஏழுமலை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னே ஓடினார். கூடவே நடந்தபடி, காது மந்தமானவரிடம் சொல்வது போல உரக்கச் சொன்னார்.

"மாம்பழக் கலருக்கா. பச்சக் கர."

பறைச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. பின்னாலேயே போன எனக்குக் கேட்டது.